நெத்திலியின் பங்கு

போன செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து வீட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஏழுமலை தன் வீட்டுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார். கொசுவலை இல்லை... இறால் பிடிக்கிற வலை!

நான் குடியேறியிருப்பது பழவேற்காடு ஏரிக்கரையில், ஒரு மீனவக் குப்பத்தில். ஏழுமலை படகுக்காரர். அவர் மனைவி கன்னியம்மா கரையில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். அவர்கள் வளர்க்கும் பூனையின் பெயர் நெத்திலி.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். படகு வந்ததும், ஏலத்துக்கு முன்னால், முதல் கை மீன் பூனைகளுக்கு. ஒரு ஓட்டை பேசினில் கொட்டுவார்கள். ஊர்ப் பூனை அத்தனையும் ஒன்றாகத் தலையை விட்டுச் சாப்பிடும். அந்தப் பங்கைப் போடாமல் ஏலம் ஆரம்பித்து நான் பார்த்ததே இல்லை.

சில வாரங்களாக நெத்திலி இளைத்துக்கொண்டே போனது. ஈறெல்லாம் வெளுத்துவிட்டது. மீன் கூடையில் வைத்து, பஸ்ஸே மூக்கைப் பொத்த, நானும் கன்னியம்மாவும் பொன்னேரிக்குக் கொண்டுபோனோம். கால்நடை டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்தார். பூனைகளுக்கு வரும் லுக்கிமியா வைரஸாம். மனிதர்களுக்கு ஒட்டாது. ஆனால் எச்சில் வழியாக இன்னொரு பூனைக்குப் போகும். குணமாக்க மருந்தும் கிடையாது.

எச்சில் என்றதும் எனக்கு அந்த பேசின்தான் கண் முன்னால் வந்து நின்றது.

"உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்லம்மா. வெளிய விடாதீங்க. மத்த பூனைங்களோட சேர்க்காதீங்க. பச்சை மீன் கூடவே கூடாது" என்றார் டாக்டர்.

மீனவக் குப்பத்துப் பூனைக்குப் பச்சை மீன் கூடாதாம்! பகலில் கதவே சாத்தாத தெருவில் வெளியே விடக் கூடாதாம்! நடக்கிற காரியமா?

மறுநாள் கரையில் பேச்சு கிளம்பிவிட்டது. "எளாவூர் ரோட்டாண்ட வுட்டுட்டு வந்துடு கன்னியம்மா. மத்ததுங்களாவது பொழைக்கும்ல?" என்றார் பக்கத்துப் படகுக்காரர். அதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

கன்னியம்மா கூடையைக் கீழே வைத்தார்.

"எங்கூட்டுக்காரருக்கு நோவு வந்தா அவரையும் ரோட்ல வுட்டுடுவனா? இன்னா பேச்சுண்ணா இது? வூட்டுக்குள்ளயே வெச்சுப் பாத்துக்குறேன். ஒங்க பூனைங்க கிட்ட அது வராது."

சொல்லிவிட்டார். எப்படி வராமல் இருக்கும்? அதற்குத்தான் வலை! முதலில் பழைய வலையைக் கட்டினார் ஏழுமலை. நெத்திலி அதைக் கிழித்துக்கொண்டு தலையை நீட்டியது. தொழில் செய்கிறவர் யாராவது நல்ல வலையில் கத்தி வைப்பாரா? ஏழுமலை வைத்தார். ஜன்னல், வாசல் எல்லாவற்றுக்கும் நல்ல வலையை வெட்டிக் கட்டினார். செவ்வாய்க்கிழமை நான் பார்த்தது அதைத்தான்.

ஆச்சரியம் அதோடு முடியவில்லை. வெள்ளிக்கிழமை கரைக்குப் போனால் ஓட்டை பேசினைக் காணோம்! கொட்டாங்கச்சிகளைத் தள்ளித் தள்ளி வைத்து, பூனைகளுக்குத் தனித்தனியாக மீன் போட்டுக்கொண்டிருந்தார்கள் பெண்கள். ஓரமாக ஒரு தூக்குவாளி. ஏழுமலை தன் படகிலிருந்து ஒரு கை மீனை அதில் போட்டார். "இது நெத்திலி பங்கு." கரைக்கு வராத பூனைக்கும் பங்கு உண்டாம்! அடுத்த படகுக்காரரும் போட்டார். எளாவூர் ரோடு சொன்னாரே, அவரும் வந்தார். "நல்லா வேகவெச்சுக் குடு" என்று முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் கிழங்கான் மீனைப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். இவ்வளவு பெரிய மனசு இந்த மனிதர்களுக்கு எங்கிருந்துதான் வருகிறது?

நேற்று கன்னியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வேகவைத்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். மடியில் கண்ணை மூடிக்கொண்டு நெத்திலி. சும்மா இருக்குமா என் வாய்?

"எவ்வளவு நாள் இருக்கும்னு டாக்டர்கிட்ட கேட்டியா கன்னியம்மா?"

அவர் கை நின்றது.

"படகேறித் தொழிலுக்குக் கெளம்புற ஆளப் பாத்து எப்ப வருவன்னு கேப்பமாக்கா? சோறாக்கி வெச்சுட்டு இருப்போம். இதுக்கும் அப்டித்தான்."

நான் தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்து முள் எடுக்க ஆரம்பித்தேன்.