கௌப்பிக் கொடிக்குக் கீழே

பனியில் நனைந்த கௌப்பி இலை கணுக்காலில் பட்டால் எனக்கு இன்றும் உடம்பு நடுங்கும். ஒரு காலத்தில் அந்தச் சில்லிப்புக்காகவே விடியற்காலையில் தோட்டத்துக்கு ஓடியவள் நான்.

கடலோரத்துக் கல்லடியில் எங்களுக்குக் கத்தரித் தோட்டம் இருந்தது. சுனாமி ஒரே காலையில் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விட்டது. உப்புப் பூத்த வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு அப்பா நின்ற நிலை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. பிறகு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மாமாவின் காணியில் தோட்டம் செய்தோம். அங்கே ஒரு சாண் நிலத்தைக்கூட அப்பா வெறுமையாக விடவில்லை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் இடையில் கௌப்பிப் பயற்றங்கொடியைப் படரவிட்டு, "நிலத்த உடுப்பில்லாம விடப்படாது" என்பார். மாமாவுக்கு ஒரே சிரிப்பு. "மச்சான், இதுக்குள்ள கத்தரி எங்க கிடக்கு? மாட்டுக்கெல்லோ தீன் போட்டிருக்காய்!"

சண்டை எங்கள் பக்கம் வந்த அன்று, எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டிருக்க, அப்பா மீதமிருந்த விதை முழுவதையும் தோட்டத்தில் வீசிக்கொண்டிருந்தார்.

"ஷெல் விழுகுது, நீங்க விதைக்கிறீங்களா?" என்று அம்மா கத்தினார்.

"திரும்பி வரக்குள்ள மண் இருக்கணும்."

முகாமில் இருந்த காலமெல்லாம் அவர் பேச்சு அந்த மண்ணைப் பற்றித்தான். திரும்பிப் போக விட்டபோது, வீட்டு வளவில் மிதிவெடி சோதித்தாயிற்று, தோட்டம் இன்னும் பார்க்கவில்லை, இறங்க வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் அங்கே போனால், கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை! விழுந்த நெற்றுகள் தாமாக முளைத்து, ஊதாப் பூவும் கொடியுமாக நிலமே தெரியாமல் மூடிக் கிடந்தது. அப்பா அழுதார், சிரித்தார், சொன்னதையெல்லாம் மறந்து வரம்பைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

அவருக்கு முன்னால் மாமாவின் சிவப்புப் பசு இறங்கியது. நாங்கள் விட்டுப்போன இடத்திலேயே எப்படியோ உயிர்தப்பி நின்ற பசு அது. கொடியில் வாய் வைத்தபடி சில அடி நடந்திருக்கும். காது அடைக்க வெடித்தது. புகை விலகியபோது பசு சரிந்து கிடந்தது. அப்பாவின் கால் இன்னும் தூக்கியபடியே இருந்தது. மாமா பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்து, "அசையாத மச்சான், அசையாத" என்று அழுதார். அப்பா மண்ணைக் காக்க விதைத்ததற்குக் கீழே, அவரைக் கொல்ல யாரோ புதைத்து வைத்திருந்தார்கள் என்பதை எப்படி நம்புவது? இன்றுவரை என்னால் முடியவில்லை.

வெடி அகற்ற வந்தவர்கள் கொடி முழுவதையும் வெட்டி எரித்தார்கள்.

இப்போது ஊருக்கு வரும் விவசாயப் போதனாசிரியர், கத்தரிக்கிடையில் கௌப்பி போடுங்கள், மண் ஈரம் காயாது என்கிறார். "நல்ல விசயம் தம்பி" என்று அப்பா தலையாட்டுகிறார். வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்து, கத்தரிக்கு நடுவே முளைத்த சிறு புல்லையும் செதுக்கி எறிகிறார். வெயிலில் மண் வெந்து பாழாகிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. நானும் தடுப்பதில்லை. கால் வைக்கும் இடம் கண்ணில் படுகிறது; எங்களுக்கு அது போதும்.