பால் சுறா வந்த பௌர்ணமி

தம்பி பிறக்கும்வரை எங்கள் வீட்டில் பாப்பா என்றால் நான்தான். பெயர் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை. துணியில் சுற்றி ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்த அன்றே அந்தப் பட்டம் பறிபோனது. "பாப்பா தூங்குது, சத்தம் போடாத" என்று என்னிடமே சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். முடியாவிட்டால் கீழ்பென்னாத்தூர் சொந்தக்காரர்களிடம் கொடுக்கலாம் என்றும் சொன்னேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லையே என்று வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தேன். அப்பா சிரித்தார். அம்மாவுக்குப் பத்தியம் சமைத்துப் போட வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அம்மாவும் அவனும் இருந்த அறையின் கதவு சாத்தியே கிடந்தது. நான் போய் நின்றால், "கொழந்த மேல காத்து படக்கூடாது" என்பாள் அத்தை. அப்பா போனால் மட்டும் கதவு திறக்கும். அவர் உள்ளே போகும்போது காற்று எங்கே போகிறது என்று கேட்டும் பார்த்தேன்.

எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆள் மாமா, அம்மாவின் தம்பி. புதுச்சேரியிலிருந்து எங்கள் ஊர்க் கடைகளுக்கு மீன் வண்டி ஓட்டுகிறவர். வரும்போதெல்லாம் எனக்குச் சிப்பியோ சங்கோ கொண்டுவருவார். என்றைக்காவது ஒரு சுறாவைக் காட்டுகிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார்.

அந்தப் பௌர்ணமியன்று வேங்கிக்காலில் எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, தெர்மாகோல் பெட்டியோடு வந்தார். ஐஸை விலக்கி, "இந்தா, சுறா" என்றார். என் கை நீளம்தான் இருந்தது. முதுகு மண் நிறம், வயிறு வெள்ளை. தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் கையில் பிடிக்க முடியாது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மாமா மூடியை எடுத்துச் சாத்தினார். "பால் சுறா. அக்கா சாப்ட்டா பாப்பாவுக்குப் பால் ஜாஸ்தியா ஊறும்" என்றார். ஆக, சுறாவும் அவனுக்குத்தான். இவரும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

"ஊரே மலை சுத்துது, இன்னிக்குப் போயி கவுச்சியா தம்பி?" என்றாள் அத்தை.

"இது கவுச்சி இல்லக்கா, மருந்து."

அத்தை ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு மருந்து செய்தாள். சுறாவை வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டுப் புட்டாக வதக்கினாள். வெளியே போக வழியில்லாத வாசனை முழுக்க என் மூக்குக்குள் வந்தது. என் தட்டில் ரசம் சோறு விழுந்தது. புட்டுத் தட்டோடு அத்தை உள்ளறைக்குப் போனாள், கதவு சாத்திக்கொண்டது.

கிரிவலக் கூட்டத்துக்காக அதற்குமேல் ஊருக்குள் வண்டிகளை விடவில்லை. மாமா நகர முடியாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரோடு பேசுவதில்லை என்று இருந்தேன். ஆனால் சுறா யாரைத்தான் விட்டது? அது கடலில் எங்கே இருக்கும் என்று கேட்டேன்.

"பெருசுங்க ஆழத்துல. குட்டிங்க கரையோரம், ஆறு வந்து கலக்கற எடத்துல. அங்க தண்ணி கம்மி. வெதுவெதுன்னு, கலங்கலா இருக்கும். மேல இருந்து பாத்தா முதுகு மண்ணு மாதிரியே தெரியும். அம்மா சுறா அங்க வந்துதான் குட்டி போடும்."

"ஏன், ஆழத்துலயே போட்டா இன்னா?"

"பெரிய சுறா முழுங்கிடும். தண்ணி கம்மியா இருக்கற எடத்துக்கு அதுங்க அவ்வளவா வராது. குட்டிங்க றாலு, பொடி மீனு துன்னு வளந்ததும் தானா வெளிய போவும்."

முழுங்க வரும் பெரிய சுறாக்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. மனதுக்குள் நான் குட்டியாகத்தான் நீந்திக்கொண்டிருந்தேன். அம்மா சுறா என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அது போட்டுட்டுப் போய்டும். கூட இருக்காது."

இவ்வளவு நல்ல செய்தியை நான் அதுவரை கேட்டதில்லை. எச்சில் கையோடு ஓடி உள்ளறைக் கதவைத் தட்டினேன். "அம்மா, சுறா குட்டி போட்ட உடனே போய்டுமாம். நீ எப்ப வெளிய வருவ?"

உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "கதவ தொறங்க அண்ணி."

"அது சும்மா இருக்காதும்மா. நாலு நாளா என்னென்னமோ பேசுது."

"தொறங்கன்னு சொன்னேன்."

அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, புட்டைச் சோற்றோடு பிசைந்து ஒரு கவளம் என் வாயில் வைத்தாள். அவள் கண் ஏன் கலங்கியிருந்தது என்று தெரியவில்லை. மிளகு கூடிவிட்டது என்று நினைத்தேன். பிறகு தம்பியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அத்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"நீங்க போயி வெளிய இருக்கற என் தம்பிக்குச் சோறு போடுங்க அண்ணி. இவ பாத்துப்பா" என்றாள் அம்மா.

அத்தை போன பிறகு அம்மா எனக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். தம்பியின் தலை என் முழங்கையில் சூடாகக் கனத்தது. அந்தக் கதவு யாருக்குப் பயந்து சாத்தியிருந்தது என்பதும், அம்மா ஏன் முதுகு காட்டி உட்கார்ந்தாள் என்பதும் எனக்கு விளங்க இன்னும் பல வருஷங்கள் இருந்தன. அன்றைக்கு எனக்கிருந்த குறை வேறு. தட்டு காலியாகும்வரை அம்மா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் என்னிடம் இருக்கும்போதாவது என்னைப் பார்க்கக்கூடாதா என்று எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.