முந்நூற்றுப் பதினெட்டாம் பிழை

2011ஆம் ஆண்டு, மழைக்காலத்தின் தொடக்கம். இரத்த அழுத்த மாத்திரை வாங்கச் சென்ற என்னிடம், மாத்திரைக்குப் பதிலாக ஒரு நாளிதழை நீட்டினார் தெருமுனை மருந்துக்கடைக்காரர். அதைப் படித்தால் எவருக்கும் அழுத்தம் ஏறும் என்பதை, மருந்தாளுநராக இருந்தும், அவர் யோசிக்கவில்லை. 'காலாவதியான மருந்தைக் கொடுக்கச் சொன்ன கணினி' என்று மூன்று பத்தி அகலத்துக்குத் தலைப்பு.

அந்தக் கணினிக்குள் இருந்த மென்பொருளை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். மருந்துகளின் காலாவதித் தேதியைக் கண்காணிக்கும் திறமூல மென்பொருள் அது. யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம். வேறு வேறு தொழில் பார்க்கும் முப்பது பேர் ஓய்வு நேரத்தில் அதைப் பராமரித்தனர். நடந்தது இவ்வளவே: ஒரு மருத்துவமனையில் கணினியின் நாள்காட்டி இரண்டாண்டு பின்தங்கியிருந்தது. 'தேதியைச் சரிபாருங்கள்' என்று மென்பொருள் சிவப்பு எழுத்தில் கெஞ்சியது, ஒருவரும் செவிசாய்க்கவில்லை. செய்தியாளருக்கு இந்தச் சில்லறை விவரங்கள் தேவைப்படவில்லை.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவள் என்பதால், நாளிதழுக்கு அனுப்பும் மறுப்புக் கடிதத்தைப் பார்த்துத் தரும்படி கடைக்காரர் கேட்டார். கடிதம் பதினோரு நாளுக்குப் பின்னரே என் கைக்கு வந்து சேர்ந்தது. 'பொய்' என்பதா, 'தவறு' என்பதா என்று முப்பது பேரும் விவாதித்து, 'துல்லியக் குறைவு' என்னும் வீரம் செறிந்த சொல்லில் உடன்பட்டிருந்தனர். அதற்குள் ஊர் அந்தச் செய்தியை நம்பி முடித்து, வேறொன்றை நம்பத் தொடங்கியிருந்தது. ஏழு மருத்துவமனைகள் மென்பொருளைக் கைவிட்டுவிட்டன.

எனினும் அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. மென்பொருளில் எவர் கண்ட பிழையும், இணையத்தில் அனைவரும் காணும் பட்டியலில் எண்ணிட்டுப் பதியப்படும். திருத்தியதை இன்னொருவர் சோதித்த பிறகே முடித்துவைக்கப்படும். செய்தித்தாளின் பிழையும் பிழைதானே என்று அதையும் அப்பட்டியலிலேயே பதிந்தார் நம்மவர். விழுந்த எண் 318.

மறுவாரம் அதே நாளிதழ் அலறியது: 'மென்பொருளில் 318 பிழைகள்; உருவாக்கியவர்களே ஒப்புதல்!' எழுதியவர் பட்டியலின் அடிவரை சென்று எண்ணைப் பார்க்கும் அளவுக்கு உழைத்திருந்தார். எண்ணுக்கு எதிரே இருந்த வரியைப் படிக்கும் அளவுக்கு உழைக்கவில்லை. அவற்றுள் முந்நூற்றுக்கு மேற்பட்டவை எப்போதோ திருத்தி முடிக்கப்பட்டவை.

கடைக்காரர் அந்தச் செய்தியாளரைத் தொலைபேசியில் அழைத்தபோது நானும் கடையில் இருந்தேன். ஒலிபெருக்கியில் செய்தியாளரின் குரல் சலிப்புடன் வந்தது.

"நானா சார் எண்ணினேன்? நீங்க போட்ட நம்பர்தானே அது?"

"ஆமா தம்பி. அதுல கடைசி நம்பர் நீங்கதான்."

அதன் பயனாகத் திருத்தம் வெளிவந்தது. ஒன்பதாம் பக்கத்தில், காணாமற்போன நாயைப் பற்றிய விளம்பரத்துக்குக் கீழே. 'பிழைகள் 318 என்பது தவறு. 317 என்பதே சரி.' நாய்க்குப் படமாவது போட்டிருந்தார்கள்.

அன்று மாலை, அந்த முப்பது பேருள் ஒருத்தியான, லிஃப்ட் பழுதுபார்க்கும் பெண், வேலை உடையைக்கூட மாற்றாமல் கடைக்கு வந்தாள். பட்டியலை உறுப்பினர் மட்டும் காணும்படி மூடிவிட வேண்டும் என்று பாதிப் பேர் சொல்வதாகத் தெரிவித்தாள்.

"நம்ம வாயாலயே நாம மாட்டிக்கிறோம்ணே. மத்த கம்பெனிக்காரங்கல்லாம் தப்பே பண்ணாத மாதிரி உக்காந்திருக்காங்க."

அவர் மாத்திரை அட்டைகளை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"குழந்தைங்க ஊசி மருந்துல தேதி ஒரு மாசம் தள்ளிக் காட்டுதுன்னு ஒரு நர்ஸ் எழுதுனாங்களே, ஞாபகம் இருக்கா? நாலு மணி நேரத்துல சரி பண்ணோம். நாம மூடிட்டா அவங்க எங்கம்மா போய் எழுதுவாங்க?"

பிறகு அவளும் அட்டைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். பட்டியல் திறந்தே இருந்தது. மூடச் சொன்னவர்களுள் நால்வர் விலகிச் சென்றனர். கைவிட்ட ஏழு மருத்துவமனைகளுள் இரண்டு திரும்பி வந்தன; அவற்றுள் ஒன்று, அப்பட்டியலை முழுவதும் படித்த பிறகு வந்தது. படிப்பவர்களும் உலகில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, சிறுநீரகம் பழுதாகிக் கடைக்காரர் படுக்கையில் விழுந்தபோது, அந்நாளிதழுக்குத் திடீரென அன்பு பெருகியது. 'பிழையே இல்லாத மென்பொருளைத் தனியொருவராகப் படைத்த மாமனிதர்' என்று அரைப்பக்கம் எழுதினார்கள், படமும் போட்டார்கள். நாய்க்குக் கிடைத்த மரியாதை ஒருவழியாக அவருக்கும் கிடைத்தது.

அவர் மனைவி அப்பக்கத்தை லேமினேட் செய்து, கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்தார். ஊர் திட்டிய நாள்களில் கல்லாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவர் அவர். அதனால் அதைக் குறைசொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

நான் கடைசியாகப் பார்க்கச் சென்ற அன்று, கண்ணாடியைக்கூட அவரால் தானாக மாட்டிக்கொள்ள முடியவில்லை. மனைவி வெந்நீர் எடுக்க உள்ளே சென்றதும், சுவரைக் கண்ணால் காட்டினார்.

"அம்மா, அதையும் லிஸ்ட்ல ஏத்திடுங்க. ரெண்டு தப்பு இருக்கு, தனித்தனியா போடுங்க. படம் அங்கயே இருக்கட்டும். அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க."