அம்மா தேடிய இரண்டு பள்ளிகள்

அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவரை நினைத்து வந்திருக்கும் உறவினர்களுக்கும், பொம்மனஹள்ளி அக்கம்பக்கத்தாருக்கும், கார்மெண்ட்ஸில் அவருடன் வேலை பார்த்த தோழியருக்கும் என் வணக்கம். அம்மாவைப் பற்றி உங்கள் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். அவருடைய ஒரே மகளான நான், எனக்காக அவர் பள்ளிக்கூடம் தேடியதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அம்மா திருப்பத்தூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். தாத்தா இறந்ததும் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருமணமாகி பெங்களூருக்கு வந்த பிறகு, அப்பா லேத் பட்டறைக்குப் போக, அம்மா கார்மெண்ட்ஸில் தையல் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்து மெஷின் பெண்களிடம் பேசிப் பேசியே கன்னடம் கற்றார்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, பத்தாம் வகுப்பு வரை உள்ள ஒரு பெரிய தனியார் பள்ளிக்குத்தான் முதலில் போனோம். அங்கே பெயரைக் கேட்டார்கள். முதல் எழுத்திலேயே நான் நின்றுவிட்டேன். கேட்டவர் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அடுத்து ஒரு சின்னப் பள்ளிக்குப் போனோம். ஓட்டுக் கட்டடம், ஏழாம் வகுப்பு வரைதான். தலைமையாசிரியை கன்னடக்காரர். நான் திக்கியபோது, "அவசர இல்லா, நிதானவாகி ஹேளு புட்டி" என்றார். அவசரமில்லை, மெதுவாகச் சொல்லு குட்டி என்று அர்த்தம். நான் பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

அங்கேயே என்னைச் சேர்க்க அம்மா நினைத்தது வீட்டில் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏழாவதுக்கு அப்புறம் இவள எங்க சேக்கறது? பெரிய ஸ்கூல்னா ஒரே அலைச்சலோட முடிஞ்சிடும்."

"அதுக்கு இன்னும் எவ்ளோ வருஷம் இருக்குது. நான் தேடறேங்க" என்றார் அம்மா.

சொன்னபடியே, நான் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் உயர்நிலைப் பள்ளி தேடத் தொடங்கினார். அவருடைய வார லீவு நாளில் பள்ளிகளும் மூடியிருக்கும் என்பதால், பள்ளிகள் திறந்திருக்கும் நாளாகப் பார்த்து அரை நாள் லீவு போடுவார். என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கட்டடத்தைப் பற்றியோ கம்ப்யூட்டர் அறையைப் பற்றியோ அவர் கேட்டதில்லை. "என் பொண்ணு திக்கிப் பேசுவா. கிளாஸ்ல எழுந்து படிக்கச் சொல்லுவீங்களா, விட்டுடுவீங்களா?" என்பார்.

பெரும்பாலும், "கவலைப்படாதீங்கம்மா, அவள எழுப்ப மாட்டோம்" என்றே பதில் வந்தது. எனக்கு நிம்மதியாக இருக்கும். அம்மா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார். ஹெப்பகோடியில் ஒரு பள்ளியில் மட்டும், "எல்லாரும் படிக்கணும். இவளும் படிக்கட்டும், டைம் எடுத்துக்கட்டும்" என்றார்கள். அங்கேயே சேர்ப்பதென்று அம்மா முடிவு செய்தார்.

நான் அழுதேன். "எழுப்ப மாட்டோம்னு சொன்ன ஸ்கூல்லயே சேத்து விடும்மா" என்று கெஞ்சினேன்.

"இப்ப எழுப்பலன்னா போகப் போக நீ இருக்கறதே மறந்துடுவாங்கடி" என்றார்.

ஹெப்பகோடிக்கு ஓசூர் ரோட்டில் பஸ்ஸில் என்னைத் தனியே அனுப்ப அவருக்கு மனமில்லை. அதனால் பொம்மனஹள்ளி வேலையை விட்டு, ஹெப்பகோடியில் வேறொரு கார்மெண்ட்ஸில் சேர்ந்தார். "சூப்பர்வைசர் ஆகப்போற நேரத்துல விட்டுட்டுப் போறியே" என்று அப்பா வருந்தினார். "அங்கயும் மெஷின் இருக்குது" என்றார் அம்மா. அதன் பிறகு அவர் சூப்பர்வைசர் ஆகவேயில்லை.

முதல் வருடம் எனக்குக் கொடுமையாக இருந்தது. நான் பாடம் படிக்க எழுந்தாலே பின்வரிசையில் சிரிப்பார்கள். அம்மா கன்னட ஆசிரியையைப் பார்த்துப் பேசினார். ஆனால் என்னை அங்கிருந்து எடுக்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று மட்டும் கேட்பார். யார் சிரித்தார்கள் என்று கேட்க மாட்டார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் முழுப் பக்கமும் படித்து முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை என்பதே உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்று எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மீட்டிங்கில் இப்போதும் திக்கும். சொல்ல வந்ததைச் சொல்லாமல் உட்காருவதில்லை.

அம்மா நோயுற்றிருந்தபோது என் மகனைப் பள்ளியில் சேர்க்கும் நேரம் வந்தது. எந்தப் பள்ளி என்று நீயே சொல்லும்மா என்று பலமுறை கேட்டேன். "உன்ன எனக்குத் தெரியும், தேடுனேன். அவன உனக்குத்தான் தெரியும். நீ பாரு" என்று சொல்லிவிட்டார். நானே பார்த்து முடிவு செய்து, மருத்துவமனையில் அவரிடம் சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "பாத்ரூம் சுத்தமா இருக்குதா?" என்றார். இருக்குதும்மா என்றேன். சரி என்று தலையசைத்தார். சில நாட்களில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அம்மாவை அன்போடு கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், வயதான காலத்திலும் இறுதிச் சடங்குக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பள்ளித் தலைமையாசிரியைக்கும் என் நன்றி. பெற்றவருக்கு நன்றி சொல்வது நம்மிடையே வழக்கமில்லை. ஆனாலும் அப்பாவுக்குச் சொல்லத்தான் வேண்டும். பேரனை இப்போது தினமும் பள்ளிக்கு அழைத்துப் போவது அவர்தான். வகுப்பு தொடங்கிய பிறகும் கேட் அருகே சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்.