முன்னுக்கு மட்டும் பிரேக்

கோபத்தில் இருக்கும்போது பத்தி எழுத உட்காரக் கூடாது என்று எனக்கு நானே போட்ட சட்டம் ஒன்று உண்டு. இந்த வாரம் அதை மீறுகிறேன். மன்னியுங்கள்… மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

போன செவ்வாய் காலை வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வீட்டுக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஓமந்தை தாண்டும்போது மனைவி வதனியின் அழைப்பு.

“இஞ்சாருங்கோ… கார் வாய்க்காலுக்க நிக்குது. எனக்கு ஒண்டுமில்லை. நீங்கள் பயப்பிடாதேங்கோ.”

பயப்பட வேண்டாம் என்று சொல்கிறவளின் குரலே நடுங்கினால், கேட்கிறவன் என்ன செய்வது?

வதனி பூநகரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸை நம்பிப் போனால் முதல் பாடம் முடிந்த பிறகுதான் வகுப்பைப் பார்க்கலாம். அதனால் காரில்தான் போய் வருகிறாள். எந்தக் கார்? இந்தப் பத்தியில் நான் அடிக்கடி அளந்து தள்ளுகிற அதே பழைய ஜப்பான் டேர்போதான், வேகத்துக்கென்றே செய்தது. சிரிக்க வேண்டாம்.

அந்தக் கார் பாய்கிற வேகத்துக்கு அதன் பிரேக் போதாது என்பது எனக்குத் தெரியாததல்ல. மாற்றுவதென்றால் நான்கு சில்லுக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரிச் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்பதும் தெரியும். இதைக் கனடாவில் இருக்கிற மச்சான் சுதனுக்கு — வதனியின் தம்பிக்கு — தொலைபேசியில் எத்தனையோ தரம் சொன்னேன். “நீங்கள் யோசியாதேங்கோ அத்தான், நான் வரேக்க கொண்டு வாறன்” என்றான்.

வந்தான். மனைவி, பிள்ளைகள், ஐந்தாறு சூட்கேஸ்களோடு வந்தான். நான் வேலையாக வவுனியா போன சமயம் பார்த்து, காரைக் கராஜுக்குக் கொண்டுபோய்ப் புதுப் பிரேக்கைப் பூட்டியும் விட்டான். அத்தானுக்குச் சர்ப்ரைஸாம்!

சர்ப்ரைஸ் என்னவென்றால், பூட்டியது முன்னுக்கு மட்டும்.

விசயம் இதுதான். பிரேக் மிதித்தால் காரின் பாரம் முன்னுக்குச் சாயும். ஆகவே முன் சில்லுகளுக்கு வேலை கூட. அதற்காகப் பின் சில்லுகளுக்கு வேலை இல்லை என்றாகிவிடுமா? அவையும் தங்கள் பங்குக்குப் பிடித்து இழுக்க வேண்டும். முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று காரைச் செய்தவன் பார்த்துத்தான் பிரித்து வைத்திருக்கிறான். முன்னுக்கு மட்டும் பெரிய பிரேக்கைப் போட்டால் அந்தப் பங்கீடு குழம்பிவிடும். அதே மிதிக்கு முன் சில்லுகள் இரண்டும் இறுகி நின்றுவிடும். பின் சில்லுகள் சும்மா கூட வரும். நின்ற சில்லு உருளாது… வழுக்கும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் நேரேதான் போகும். சில்லு இறுகாமல் பார்த்துக்கொள்கிற நவீன கருவி ஒன்றும் என் காரில் கிடையாது.

அன்று காலை மழை பெய்து விட்டிருந்தது. மாரி தொடங்கினால் எங்கள் பக்கத்து மாடுகள் எங்கே படுக்கும்? வயல் ஈரம் என்று வீதியில்தான். பரந்தன் கழிந்து பூநகரி வீதியில் போகும்போது படுத்திருந்த கன்றொன்று திடீரென்று எழும்பியிருக்கிறது. வதனி பிரேக்கை மிதித்தாள்.

“நான் திருப்பினனான்… அது திரும்பேல்லை.”

இதைத்தான் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்று தானாக விலகியது. கார் நேரே வழுக்கிப் போய் வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்தி நின்றது. அந்த இடத்தில் கன்றுக்குப் பதிலாகச் சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வந்திருந்தால்?

வீட்டுக்கு வந்தால் மச்சான் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருக்கிறான்.

“பிரேக் திறமான பிரேக் அத்தான். அக்காதான் பழக்கமில்லாமல் ஊண்டி மிதிச்சிட்டா.”

மாடு குறுக்கே வந்தால் வேறு எப்படியடா மிதிப்பது? தடவிக் கொடுப்பதா?

“பின்னுக்குப் போடுற செட் எங்கயடா?” என்றேன்.

“அது கனடாவில இருக்கு. பிளேனில பாரம் கூடிப் போச்சு அத்தான். சனத்துக்குக் குடுக்கிற சொக்லேற்றைக் குறைக்க ஏலுமே? அதோட முன்னுக்குப் போட்டால்தானே சில்லுக்குள்ளால பிரேக் சிவப்பா வடிவாத் தெரியும். அடுத்த முறை வரேக்க பின்னுக்கும் கொண்டு வாறன்.”

சொக்லேற்! என் மனைவியின் உயிரை எடை போட்டுப் பார்த்து, சொக்லேற்றுக்காக இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

நான் வாயைத் திறக்க முன்னம் மாமி, மச்சானின் அம்மா, குறுக்கே வந்தார். “அவ்வளவு பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. அவனை ஏசாதேங்கோ.” பார்க்க வந்த அயலவர்கள் அதற்கும் மேல் — “நல்ல காலம், புதுப் பிரேக் இருந்தபடியால ரீச்சர் தப்பினா!” மச்சான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டான்.

வெளிநாட்டிலிருந்து வந்தவனை ஏசக் கூடாது. கொண்டு வந்ததில் குறை சொல்லக் கூடாது. இது எப்போது எங்கள் வீடுகளில் சட்டமானது?

கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். எங்கள் பக்கம் வெளிநாட்டுக் காசில் எழும்பும் வீடுகளைப் பாருங்கள். முன்னுக்குத் தூண், மாபிள், சிங்கம் வைத்த கேட். பின்னால் போனால் பூசாத சுவர். சமைக்கிற குசினிக்குக் கூரை அரைவாசி. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில், கொடுத்தவர்களின் பெயர் வெட்டிய வளைவு வாசலில் நிற்கிறது. பின்னுக்கு இருக்கிற மலசலகூடத்துக்குக் கதவு இல்லை. பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்கு ஓடுகிறார்கள். படத்தில் விழுகிற பக்கத்துக்கு மட்டும் எல்லாம் வந்து சேருகிறது. விழாத பக்கத்துக்கு — அடுத்த முறை!

கராஜில் கழற்றிய பழைய பிரேக்கை நல்லவேளையாக எறிந்திருக்கவில்லை. திங்கட்கிழமை கொண்டு வரச் சொன்னார்கள், திரும்பப் பூட்டித் தருகிறோம் என்று. அந்த வாரம் முழுவதும் வதனி பஸ்ஸில் போய்ப் பிந்தினாள். மச்சானோ, “கழட்டாதேங்கோ அத்தான், அதில ஒரு பிழையுமில்லை” என்று பின்னாலேயே திரிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் திரும்பிப் போகும் நாள். முன்பக்கம் நசுங்கிய கார் முற்றத்தில் நின்றது. விடிய எழும்பிப் பார்த்தால் கேட்டடியில் ஒரு வாடகை வான். சாரதி சூட்கேஸ்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

மாமிக்கு ஆச்சரியம். “அத்தான்ர கார் ஓடுதுதானே? அவர் எயார்போட்டுக்குக் கொண்டு போய் விடமாட்டாரே? ஏன் வான் பிடிச்சனி?”

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தான்.

“இல்லையம்மா… அவ்வளவு தூரம். சின்னப் பிள்ளையளோட… பின்னுக்குப் பிரேக் போதாதெல்லோ.”

வதனி குசினி வாசலில் நின்றாள். அந்த வாரம் முழுவதும் தம்பியை ஒரு வார்த்தை ஏசாதவள்.

“அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு, தம்பி” என்றாள்.

வான் வெளிக்கிட்டது. நான் கைகாட்டவில்லை.