வாயில் பறி, மூக்கில் ராகம்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கைகால் ஓரளவு சரியாகிவிட்டது. பேச்சும் நினைவும்தான் திரும்பவில்லை. சீப்பைக் கொடுத்தால் கடிப்பார். என்னைப் பார்த்தால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். இப்படியே என்னை மறந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பாட்டு வைத்தியம் பார்க்கிற பெண் சினிமாப் பாட்டாகப் போட்டுப் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை. "வேலை செய்யறப்போ இன்னா பாட்டு பாடுவாருக்கா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாயில பறி இருக்கறப்போ எப்டிமா பாடறது?" என்றேன். ஏரிச் சேற்றை இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். பிடித்ததைப் போடுகிற ஓலைக்கூடைதான் பறி. அதைப் பல்லில் கவ்விக்கொள்வோம். அதனால் பாட்டெல்லாம் மூக்கால் இழுக்கிற ராகம்தான். நான் இழுத்தால் அவர் பதில் இழுப்பார். ஆள் பக்கத்தில் இருப்பது அப்படித்தான் தெரியும்.

"அதையே தினமும் வூட்ல உக்காந்து பண்ணுங்க" என்றாள்.

பத்து நாள் கழித்துப் பதில் ராகம் வந்தது. தண்ணீரில் இறங்கினால் மிச்சமும் வந்துவிடும் என்று நானே முடிவு கட்டி, மறுநாள் காலையில் ஏரிக்குக் கூட்டிப்போனேன். அவ்வளவு புத்தி எனக்கு.

முழங்கால் தண்ணீரில் பறியைக் கவ்வக் கொடுத்தேன். அவர் ராகம் இழுக்க, கை தானாகத் துழாவியது. என் கையில் பெரிய இறால் ஒன்று சிக்கிய சந்தோஷத்தில் நான் பதில் இழுக்க மறந்துபோனேன். நிமிர்ந்தால் பக்கத்தில் ஆளில்லை. ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துப் பக்கம் மார்பளவு ஆழத்தில் போய்க்கொண்டிருந்தார். அங்கே தண்ணீர் ஆளையே இழுத்துவிடும். "யோவ், நில்லுயா" என்று கத்தினேன். திரும்பவில்லை. ராகம் இழுக்கப் பார்த்தால் வெறும் மூச்சுதான் வந்தது. மூன்றாம் தடவைதான் சத்தம் வந்தது. நின்றார்.

விழுந்தடித்துப் போய்க் கையைப் பிடித்தேன். அவர் பறியை வாயிலிருந்து எடுத்தார்.

"எம் பொண்டாட்டி சத்தம் கேட்டுச்சு. ஆளக் காணோம். தேடணும்."

நாலு மாதத்தில் அவர் பேசிய முதல் பேச்சு.

"நான்தான்யா. இங்கதான் கீறேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிடித்த கையை விடாமல், கரை வரைக்கும் திரும்பித் திரும்பி ஏரிக்குள் என்னைத் தேடிக்கொண்டே வந்தார்.