ஏரிக்கரையில் அப்பாவின் கால்கள்

திரையில் ஓர் ஏரி. அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். விரலால் ஒன்றைத் தொட்டால் ஒருவர் பேசுவார். யாரை முதலில் கேட்பது, எந்தக் கரையில் போவது என்பதெல்லாம் பார்ப்பவர் இஷ்டம். இணையத்தில் வந்த அந்த ஆவணப்படத்துக்கு நான்தான் எடிட்டிங் செய்தேன். மலேசியாவில் ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில், ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கி உண்டான ஏரி அது. மீன்கள் செத்து மிதந்த பிறகுதான் படம் எடுத்த எங்கள் குழு அந்த ஏரியைத் திரும்பிப் பார்த்தது.

அதில் ஒரு புள்ளி என் அப்பா. வேலை செய்த ரப்பர் தோட்டத்தை மூடிய பிறகு, ஏரியை ஒட்டிய ஒரு தொழிற்சாலையின் கேட்டில் ஜாகாவாகக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் வாய் திறக்காததால் அவரை நான்தான் பேச வைத்தேன்.

"மழ வந்தாத்தான் டேங்கர் லோரி பின்பக்கமா ஏரிக்குப் போவும். மழையில கழிவ ஊத்துனா தண்ணி கலர் மாறுறது யாருக்கும் தெரியாது லா," என்றார். சொல்லி முடித்துவிட்டு, "போதுமா?" என்று கேட்டார்.

முகம் தெரியக் கூடாதென்று இடுப்புக்குக் கீழே மட்டும் படம் எடுத்தோம். குரலையும் மாற்றினேன். ஆனால் நாங்கள் நின்ற இடத்தில் முனியாண்டி கோயில் இருந்தது. எங்கள் ஆட்கள் யாரும் அங்கே செருப்போடு நிற்கமாட்டார்கள். அப்பாவும் கழற்றிவிட்டு நின்றார். வலது காலில் இரண்டாவது விரல் அவருக்குப் பாதிதான். தோட்டத்தில் மண்வெட்டி வெட்டியது. பிறந்ததிலிருந்து பார்க்கிற கால் என்பதால் எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த கெட்டிக்காரி நான்.

தொழிற்சாலையின் சூப்பர்வைசர் அதே தோட்டத்து ஆள். அந்தக் கால் யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? படம் வந்த வாரமே அப்பாவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"வேல போனா போவுதும்மா. நான் சொன்னது அங்க நிக்குதுல்ல," என்றார் அப்பா.

எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். மறுநாள் வேலைக்குப் போனேன். வேலையோடு விடுவார்களா, வீடு தேடி வருவார்களா என்ற பயம் மட்டும் இருந்தது. அப்பாவிடம் கேட்காமலேயே அவர் பேசியதைப் படத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்தும் வேலைதான். புள்ளி மட்டும் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை சோ டவுனில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்த நண்பர் ஒருவரும் வந்திருந்தார். அப்பா போனை எடுத்து ஏரியைத் திறந்து, அவருக்குத் தெரிகிற மாதிரி மேசையில் சாய்த்து வைத்தார். தன் புள்ளியைத் தொட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தொட்டார்.

"இதுலதான்யா பேசியிருக்கேன். லோரி வர்றத, ஊத்துறத, எல்லாத்தயும் சொல்லியிருக்கேன்."

"சரி லா, சரி லா," என்ற நண்பர் கிளாஸிலிருந்த தே தாரிக்கை ஆற்றத் தொடங்கினார். அவர் நம்பவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். "இங்க லைன் இல்லியாம்மா?"

"ஆமாப்பா, லைன் இல்ல," என்றேன்.